யோசப்பின் அக்காவின் உண்மைப் பிரதி

யோசப்பின் என்ற பெயருள்ள அந்த அக்காவை எனக்கு முதலில் சத்தமாகத்தான் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு எங்கள் கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து ஒரு வாளி படிப்படியாக இறங்கி வரும். இத்தாலியில் பாலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதியில் ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் என் கதவுக்கு வெளியே வாளி கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே நின்றுதான் அவர் மூச்சு வாங்குகிறார் என்பது பிறகு தெரிந்தது.

நான் மதுரைக்காரி. பெயர் தமயந்தி. சட்ட ஆங்கிலச் சொற்களை இத்தாலிய மொழியில் எப்படித் தருகிறார்கள் என்று ஆராயும் ஒரு திட்டத்தில், வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் பாலெர்மோவில் இருந்தேன். 2021 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் தட்டி, முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் கேட்டார்: “தங்கச்சி, குறை நினையாதேயுங்கோ. உங்களிட்ட ஒரு கொப்பி இருக்குமோ?”

நான் உள்ளே கூப்பிட்டு, பாலைச் சுடவைத்து, காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் சமையலறை ஓரத்தில் நின்றபடியே குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “எழுதிற கொப்பி” என்றார். யாழ்ப்பாணத்துப் பக்கம் நோட்டுப் புத்தகத்துக்கு அதுதான் பேர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பாதி எழுதிய நோட்டு ஒன்றில் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன். அதில் குடியுரிமைக்கு வேண்டிய காகிதங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் ஊர்காவற்றுறையில் பிறந்தவர். கணவர் அல்பேட் 2002-லேயே இத்தாலிக்கு வந்துவிட்டார். பத்திரம் இல்லாமல் சில வருடம், பத்திரத்தோடு, ஊருக்குப் போய் வந்துகொண்டு, சில வருடம் இருந்துவிட்டு, 2010-இல் மனைவியையும் மூன்று வயது மகள் ஆரணியையும் சட்டப்படி வரவழைத்தார். அவருக்குச் சியாகுல்லியில் மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. அங்கே பழம் தாமதமாகத்தான் பழுக்கும்; மற்ற இடங்களில் அறுவடை முடிந்த பிறகுதான் அங்கே கூடை எடுப்பார்கள். அக்காவுக்கு மூன்று வேலை. எங்கள் கட்டடம் உட்பட நாலு கட்டடங்களின் படிகள். பகலில் தொண்ணூறு வயது சினியோரா ஒருவரை, அதாவது இத்தாலிய அம்மையாரை, பார்த்துக்கொள்வது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் கழுவுவது. எந்த வேலையையும் அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை. முழங்காலை மட்டும் அவ்வப்போது திட்டுவார்.

சட்டப்படி பத்து வருடம் வசித்திருந்ததால் அந்தக் குளிர்காலத்தில் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றாகியிருந்தது. அல்பேட் அண்ணனின் வசிப்பிடப் பதிவில் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது, அதனால் அவர் காத்திருக்க வேண்டும். அக்கா முதலில் வாங்கினால், குடியுரிமைக்கான சத்தியம் எடுக்கும் நாளில் பதினெட்டு வயது நிரம்பாமல் கூடவே இருக்கும் பிள்ளைக்கும் அது தானாகவே கிடைக்கும். ஆரணிக்கு அப்போது பதினாலு. அக்கா குடியுரிமைக்கு ஆசைப்பட்டது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். தனக்கு பெர்மெஸ்ஸோ, அந்த வசிப்பு அனுமதி, போதும் என்றுதான் சொல்லுவார்.

விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றித் தருகிற உதவி அலுவலகம் ஒன்றுக்கு அவர் போனார். எது என்று இங்கே சொல்வதில் பயனில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மனிதர் ஒருவர், நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு, இரண்டு பேர் முகத்திலும் கவசம். அக்காவின் பிறப்புப் பத்திரத்தின் இத்தாலிய மொழிபெயர்ப்பை அவர் புரட்டிப் பார்த்தார். தலைப்பில் பெரிய எழுத்தில் ‘கோப்பியா’ என்று இருந்தது, அதாவது பிரதி. பிரதி வேண்டாம், மூலம் கொண்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதுதான் மூலம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

இலங்கையில் பிறப்பைப் பதிகிற புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கும். கேட்கிறவர்களுக்கு அந்தப் பதிவைப் பார்த்து எழுதி, ஆங்கிலத்தில் ‘ட்ரூ காப்பி’ என்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். தமிழில் உண்மைப் பிரதி. எல்லோரும் வாழ்நாள் முழுக்க வைத்திருப்பது அதைத்தான். அக்காவின் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அவருடைய பிறப்பு பதிவான புத்தகம் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எரிந்துபோனது. கொழும்பில் இருந்த அதன் இரட்டைப் பதிவேடு மட்டுமே மிஞ்சியது. அதிலிருந்துதான் அவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூலம் என்று ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால் அது சாம்பலாகத்தான் வரும்.

இதெல்லாம் எனக்குப் பின்னாட்களில் தெரிந்தது. அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொழும்பில் இருக்கும் தம்பி முறையான ஸ்ரீபனுக்குத் தொலைபேசியில் சொல்லி, புதிதாக ஒரு பத்திரம் எடுக்க வைத்தார். அந்த வருடம் அங்கே அலுவலகங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. பத்திரம் எடுத்து, முத்திரைகள் வாங்கி, இங்கே வந்து, மொழிபெயர்த்து முடிய ஆறு மாதம் ஆனது. புதுப் பத்திரத்தின் மேலும் அதே முத்திரை. மொழிபெயர்ப்பிலும் அதே ‘கோப்பியா’.

இரண்டாவது தடவை போவதற்கு முன் ஒரு குழப்பம் நடந்தது. அந்த மனிதர் தொலைபேசியில், எதற்கும் ‘கோப்பியா’வையும் மூலத்தையும் சேர்த்தே கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இத்தாலியத்தில் ‘கோப்பியா’ என்றால் பிரதி. ‘கொப்பியா’ என்று குறுக்கிச் சொன்னால் ஜோடி, கணவன் மனைவி. யாழ்ப்பாணத்துக் காதுக்கு ‘கோப்பி’ என்றால் குடிக்கிறது, ‘கொப்பி’ என்றால் நோட்டு, பிரதி இரண்டும். அக்கா தன் காதுக்குப் பழகியபடி ‘கொப்பியாவா?’ என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் வரலாம், இரண்டு பேரும் வந்தால் நல்லதுதான் என்றிருக்கிறார். அக்காவுக்கு அப்போதுதான் அது ஜோடி என்று உறைத்தது. தான்தான் முதலில் பிழையாக விளங்கிக்கொண்டோம் என்று நினைத்து, அல்பேட் அண்ணனை வேலைக்கு விடுப்புப் போடச் சொல்லிவிட்டார்.

அண்ணன் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நான்கு மணி நேரம் இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். மேசைக்காரர் அண்ணனைப் பார்த்து, இவர் எதற்கு என்று கேட்டார். பிறகு காகிதத்தைப் பார்த்து, இதுவும் பிரதி என்றார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வாளி என் கதவுக்கு வெளியே நின்றது, நகரவேயில்லை. பத்து நிமிடம் பொறுத்துவிட்டுத் திறந்தேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. அழுது முடித்த முகம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னார். சொல்லும்போது குரலில் கோபமே இல்லை. யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போல, களைப்பாகச் சொன்னார். கடைசியில், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தது பெரிதில்லை என்றார். அந்த மனிதர் பிரதி, பிரதி என்று விரலால் தட்டியபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தன்னைப் பார்த்ததுதான் தாங்கவில்லையாம்.

“ஏன் தெரியுமே, தங்கச்சி? எனக்கு இது ரெண்டாந்தரம்.”

1988-இல் அவர் ஓ.எல். சோதனை, அங்கத்தைய பள்ளிப் பொதுத் தேர்வு, எழுதினார். பின் மேசையில் பெரியம்மாவின் மகள் கிளறா. கணிதத் தாளில் கிளறா இவரைப் பார்த்தே எழுதினாள். பிழையான கணக்கைக்கூட அப்படியே எழுதினாள். இரண்டு தாளும் ஒரே மாதிரி இருந்ததால் இரண்டு பேருடைய பெறுபேற்றையும், அதாவது தேர்வு முடிவையும், நிறுத்தி வைத்தார்கள். யார் யாரைப் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் இரண்டு பேருக்கும் ‘கொப்பி அடிச்ச பிள்ளையள்’ என்று பெயராகிவிட்டது. தாதிப் பயிற்சிக்குப் போக அக்காவுக்கு அந்தக் கணிதப் பெறுபேறு வேண்டியிருந்தது. விசாரணை இழுத்துக்கொண்டே போனது. தொண்ணூறில் தீவை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. மடு, வவுனியா என்று அலைந்த வருடங்களில் சோதனையைப் பற்றி யார் நினைத்தார்கள்? கிளறா இப்போது கனடாவில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வருடம் தவறாமல் பேசுவார். அந்தக் கதையை இரண்டு பேருமே எடுப்பதில்லை.

“நான் அவளைப் பாத்து எழுதேல்லை எண்டு சொன்னன். ஒருத்தரும் நம்பேல்லை. இப்பவும் இதுதான் என்ரை உண்மையான பத்திரம் எண்டு சொல்லுறன். அதையும் நம்பினமில்லை” என்றார். பிறகு எழுந்து, மிச்சம் இரண்டு மாடியைத் துடைக்கப் போனார்.

அன்று மாலையே நான் அந்தப் பத்திரத்தையும் மொழிபெயர்ப்பையும் வாங்கிப் பார்த்தேன். என் வேலையே இதுதானே என்று உற்சாகம் வந்துவிட்டது; அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ‘காப்பி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒரு வாரம் உட்கார்ந்து இத்தாலியத்தில் கடிதம் எழுதினேன். அதன் வேர் லத்தீனில் நிறைவு, மிகுதி என்ற பொருளில் இருக்கிறது. இத்தாலிய ‘கோப்பியா’வுக்கும் அதே வேர்தான். ஒரு நூலைப் பார்த்து எழுதிக்கொள்ள இடம் கொடுப்பதற்கு அந்தச் சொல்லை வழங்கி, அப்படியே எழுதி எடுத்ததற்கும் அதே பெயராயிற்று. அச்சகத்தில் மட்டும் பொருள் தலைகீழ்: எதைப் பார்த்து அச்சுக் கோக்கிறார்களோ அந்த முதல் தாளுக்குத்தான் அங்கே ‘காப்பி’ என்று பெயர். புத்தகக் கடையில் ஆயிரம் அச்சிட்டால் ஆயிரமும் ‘காப்பி’தான், எதுவும் போலி இல்லை. பள்ளிக்கூடத்தில் மேல்வரியைப் பார்த்து அழகாக எழுதிப் பழகிய புத்தகமும் ‘காப்பி’ ஆயிற்று. அயர்லாந்திலும் வட இந்தியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நோட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். பதிவாளர் அலுவலகத்து ஆங்கிலத்திலோ, பதிவேட்டிலிருந்து அதிகாரபூர்வமாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கே அது பெயர். நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று பக்கம் வந்தது. அடிக்குறிப்புகள் வேறு. பல்கலைக்கழக முத்திரை வைத்த தாளில் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா அதைக் கண்ணாடி உறையில் போட்டு எடுத்துப் போனார். சந்திப்புக்கு நாள் கிடைக்கவே இரண்டு மாதம் ஆகியிருந்தது. மேசைக்காரர் முதல் பத்தியைப் படித்துவிட்டு, இது பல்கலைக்கழகம் இல்லை சினியோரா என்று மரியாதையாகவே சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். கணினியில் ஏற்றும்போது ‘கோப்பியா’ என்று இருந்தால் மேலே இருப்பவர்கள் நிராகரிப்பார்கள், பிறகு பழி தன் மேல் வரும் என்பதுதான் அவர் பயம். அவரும் களைத்துப்போயிருந்தார் என்று அக்கா சொன்னார். அவருக்காகப் பரிந்து பேசினார் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று. அந்த இரண்டு மாதம் என்னால் போனது.

அதன் பிறகு செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். மொழிபெயர்த்த சினியோரா ஸ்பத்தாரோவைத் தேடிப் போனேன். செருப்புக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, மேசை முழுக்கக் கோப்புகள். அவர் எல்லாச் சமூகங்களுக்கும் பத்திரங்கள் மொழிபெயர்க்கிறவர்; அன்றைக்குப் பதினோராவது ஆள் நான். பத்திரத்தைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டேன்: உங்கள் பிறப்பை எங்கேயாவது நிரூபிக்கச் சொன்னால் நகரசபையில் என்ன காகிதம் வாங்குவீர்கள்?

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். சுருக்கம் போதுமென்றால் ‘எஸ்த்ராத்தோ’ என்றார். முழுப் பதிவும் வேண்டுமென்றால் ‘கோப்பியா இந்தெக்ராலே’, முழுப் பிரதி. சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். இத்தாலியிலும் பதிவேட்டை யாரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. இருப்பதிலேயே கனமான பத்திரத்துக்கு இங்கேயும் பிரதி என்றுதான் பெயர்.

“ஒரு சொல்தானா?” என்றார்.

ஒரு சொல்தான். அக்காவின் பத்திரம் பதிவு முழுவதையும் வரி விடாமல் எழுதிக் கொடுத்தது. ஆகவே ‘இந்தெக்ராலே’ என்பதில் பொய்யும் இல்லை. சினியோரா தலைப்பை மாற்றி, ‘பிறப்புப் பதிவின் முழுப் பிரதி’ என்று அடித்தார். மொழிபெயர்ப்பு சரியென்று அவர் நீதிமன்றத்தில் மறுபடி சத்தியம் செய்து முத்திரை வாங்க நாள் குறிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சில வாரங்கள். 2022 மார்ச்சில் அக்கா மறுபடி அந்த மேசைக்கு முன் நின்றார். அதே மனிதர். தலைப்பைப் பார்த்தார், பக்கத்தைப் புரட்டினார், ஏற்றிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். முதல் தடவை போனதிலிருந்து பதினாலு மாதம்.

படியில் வாளியோடு நின்றுகொண்டே அக்கா இதைச் சொன்னார். சந்தோஷமா என்று கேட்டேன்.

“தெரியேல்லை, தங்கச்சி. இருந்து யோசிக்க நேரமில்லை” என்றார்.

அதன் பிறகு காத்திருப்பு. விண்ணப்பத்தைப் பார்க்க அரசாங்கத்துக்கு மூன்று வருடம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. ஏறக்குறைய முழு மூன்று வருடமும் ஆனது. இதற்கிடையில் அக்கா பார்த்துக்கொண்டிருந்த சினியோரா இறந்தார், இன்னொரு வீடு கிடைத்தது. அல்பேட் அண்ணனுக்கு முதுகு பிடித்து ஒரு பருவம் முழுக்கத் தோட்டத்துக்குப் போகவில்லை. ஆரணி மருந்தியல் படிக்கப் போவதாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். வாரத்தில் ஒரு நாள் அவளே அம்மாவின் கணக்கைத் திறந்து விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பாள். திரையில் ஒரே வாக்கியம்தான் மாதக்கணக்கில் நின்றது.

2024 டிசம்பரில் ஆரணிக்குப் பதினெட்டு முடிந்தது. பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேக் வெட்டும்போது அக்கா சிரித்தார், படமும் எடுத்துக்கொண்டோம். சமையலறையில் தட்டுக் கழுவ நான் போனபோது அவர் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத் தவறிப்போனது என்னவென்று எனக்குத் தெரியும். பதினாலு மாதத்தைக் கழித்துப் பார்க்கிற கணக்கை நான் மனதுக்குள் போட்டிருந்தேன். அவர் எத்தனை தடவை போட்டிருப்பாரோ தெரியாது. இரண்டு பேரும் தட்டுகளைக் கழுவினோம்.

2025 மார்ச்சில் சத்தியம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அக்கா சாம்பல் நிறப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். சத்திய வாசகத்தை ஆரணிதான் வீட்டில் சொல்லிப் பழக்கியிருந்தாள். ஒரு இடத்தில் நாக்குத் தடுமாறியது. சத்தியம் எடுக்க வைத்த நகரசபை அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார். கையெழுத்துப் போட்டதும் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். அல்பேட் அண்ணன் கை தட்டினார். ஆரணியும் தட்டினாள். பிள்ளைக்கும் சேர்த்து எழுத முடியாதா என்று அக்கா மெதுவாகக் கேட்டார். பிள்ளை இப்போது பெரியவள், அவள் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார் அந்த அம்மாள். சொல்லும்போது அவருக்கும் சங்கடமாக இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா ஆரணியிடம், “என்னாலைதான், பிள்ளை” என்றார்.

ஆரணி அம்மாவின் கையிலிருந்த பத்திரக் கட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். “பஸ்தா, போதும் அம்மா. நான் என்ரை பேரிலை போடுறன். யூனிவெர்சிட்டியிலை படிச்சுக்கொண்டே போடலாம். நீங்கள் இனி ஒரு இடத்திலையும் லைனிலை நிக்க வேண்டாம்” என்றாள். அக்கா தலையை ஆட்டினார். அழவில்லை. கால் வலிக்கிறது, எங்கேயாவது இருப்போம் என்று மட்டும் சொன்னார்.

சதுக்கத்தில் ஒரு கல் இருக்கையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். அல்பேட் அண்ணன் போய்ப் பொரித்த கடலைமா வடை வைத்த ரொட்டி வாங்கிவந்தார். அக்கா பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை அண்ணனிடம் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்குப் புது வீட்டு சினியோராவுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று எழுந்தார். இன்றைக்காவது விடுப்பு எடுத்திருக்கலாமே என்றேன். எடுத்துவிட்டு என்ன செய்வது என்று கேட்டார், உண்மையாகவே கேட்டார்.

அந்தக் கோடையோடு ஸ்ஃபெர்ராகவால்லோ வேலையை அவர் விட்டுவிட்டார், முழங்கால் இனித் தாங்காது என்று. கட்டடங்களும் நாலிலிருந்து இரண்டாயின. எங்கள் கட்டடத்துக்கு இப்போது வேறொருவர் வருகிறார். ஆரணி மருந்தியலில் சேர்ந்துவிட்டாள், வெளிநாட்டு மாணவி என்ற பிரிவில். அவளுடைய பிறப்புப் பத்திரத்துக்கு ஸ்ரீபன் கொழும்பில் மனுக் கொடுத்திருக்கிறார். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் அக்காவைப் பார்த்தேன். மகள் ஒருத்தியாகவே எல்லா அலுவலகத்துக்கும் போகிறாள், தன்னைக் கூட்டிப் போவதில்லை என்றார். அது நல்லதுதானே என்றேன்.

“ஓம், நல்லதுதான்” என்றார். “எண்டாலும் அவள் போற நாளிலை எனக்கு வேலை ஓடாது.”

பேருந்து வந்தது. கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறி, ஜன்னலோரம் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.